உதைத்த பிறகு

ஸென்ஸிபிள் ஸாக்கர் என்ற கணினிக் கால்பந்தாட்டம் 1992இல் அமிகா, அடாரி எஸ்.டி. கணினிகளுக்காக இங்கிலாந்தில் வெளிவந்தது. ஜான் ஹேர், கிறிஸ் யேட்ஸ் இருவரும் 1986இல் தொடங்கிய ஸென்ஸிபிள் ஸாஃப்ட்வேர் அதைச் செய்தது. 1994இல் அதன் விரிவு, ஸென்ஸிபிள் வேர்ல்ட் ஆஃப் ஸாக்கர். பாதுகாக்கத் தகுந்தவை என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹென்றி லோவுட்டும் அவரோடு சேர்ந்த சிலரும் 2007இல் தேர்ந்த பத்து ஆட்டங்களில் இந்த இரண்டாவதும் ஒன்று.

மைதானத்தை மேலிருந்து பார்க்கிறோம். ஆட்டக்காரர்கள் எறும்பளவு, முகம் கிடையாது. ஒரு கைப்பிடி, ஒரே பொத்தான். பிற்காலத்து ஆட்டங்களில் ஆட்டக்காரனின் வியர்வைகூடத் தெரிகிறது. இருந்தும் பழையதை ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், போட்டிகள் நடத்துகிறார்கள், புதிய அணிகளின் பெயர்ப்பட்டியலைத் தாங்களே அதில் சேர்க்கிறார்கள். நானும் ஆடுகிறவன்தான்.

இதைப் பழமை மோகம் என்று ஒதுக்கிவிடலாம். மோகம் ஒரு மாலைப்பொழுதுக்குத் தாங்கும். 30 வருஷங்களுக்குத் தாங்காது. தவிரவும், ஏக்கம் பழசை அப்படியே பூட்டிவைக்கும். இவர்களோ பெயர்களை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ரூபத்தை விட்டுவிடுகிறார்கள். ஆக, ரூபத்தில்தான் ஏதோ இருக்க வேண்டும்.

பொத்தானைத் தட்டினால் பந்து சக ஆட்டக்காரனுக்குப் போகிறது. அழுத்திப் பிடித்தால் ஓங்கிய உதை. பந்து காலை விட்டுப் போன பிறகும், ஒரு கணநேரம், கைப்பிடியைச் சாய்த்தால் அது வளைகிறது. பின்னுக்கு இழுத்தால் எழும்புகிறது. ஆடுகிறவர்கள் இதை 'ஆஃப்டர்டச்' என்கிறார்கள். நிஜக் கால்பந்தில் இது பொய். அங்கே கால் பந்தைத் தொடும் கணத்திலேயே உதைத்தவனின் பங்கு தீர்ந்துவிடுகிறது; மீதி காற்றின் வேலை. விட்ட அம்பும் சொன்ன சொல்லும் திரும்பாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு இந்தப் பொய் ஏன் இவ்வளவு இனிக்கிறது?

பொறுப்பிலிருந்து தப்பிக்கும் ஆசை என்று ஒரு பதில் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. பந்து திரும்பி வருவதில்லை, உதைத்தது உதைத்ததுதான். கிடைப்பது மன்னிப்பல்ல, கொஞ்சம் கூடுதல் வேலை. கண்ணை எடுத்தால் அந்த அவகாசம் வீண். அதிகம் சாய்த்தால் நல்ல உதையும் கெட்டுப்போகும். பொறுப்பு இங்கே குறையவில்லை, செயலைத் தாண்டியும் ஒரு கணம் நீளுகிறது.

நம் அறவிசாரங்கள் பெரும்பாலும் முடிவெடுக்கும் கணத்தையே சுற்றி வருகின்றன. நோக்கம் நல்லதா, கெட்டதா? அதோடு விசாரணை முடிந்தது. ஒருவனைக் கடுமையாக விமர்சித்து அச்சேற்றிவிட்டு, அது எங்கே போய் அடிக்கிறது என்று பார்க்காமலிருப்பதற்கு நாம் நேர்மை என்று பேர் வைத்திருக்கிறோம். அடுத்த இதழில் ஒரு வரி எழுதி அதன் போக்கைச் சற்றே திருப்ப முடியும் என்ற நிலையிலும் திருப்புவதில்லை. அந்த வரி, சொன்னதை வாபஸ் வாங்குவதாக இருக்க வேண்டியதில்லை.

அவகாசம் குறுகியது என்பதும் முக்கியம். அது முடிவில்லாமல் நீண்டால் ஆதிக்கம்தான். பிள்ளையை வளர்த்துவிட்டும் கையை எடுக்காத தகப்பனின் காரியம். ஒரு கட்டத்தில் பந்து தன் வழியில் போயாக வேண்டும், நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஆட்டத்தில் அந்த எல்லையை இயந்திரம் வகுத்துத் தருகிறது. வெளியே அதை அவரவர்தான் வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.