கேரீத் வற்றினபோது



2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அநேக கம்பெனிகளில் மிஷின் சத்தம் அடங்கிப்போச்சு. சபைக்கும் பூட்டு. மே மாசம் கொல்கத்தா நெடுஞ்சாலையில் பீகார், ஒடிசா பிள்ளைகள் மூட்டையோடு வடக்கே நடந்தார்கள்.

எங்கள் லைன் வீட்டில் இருந்த ஒடிசா தம்பியிடம், "கவலைப்படாதே, ஆண்டவர் வழிநடத்துவார்" என்றேன். அவன் பரியாசமில்லாமலே, "எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டான். எனக்கு வாயடைத்துவிட்டது.

அன்று ராத்திரி 1 இராஜாக்கள் 17-ம் அதிகாரம் வாசித்தேன். எலியாவைக் கேரீத் ஆற்றண்டைக்கு அனுப்பினது தேவன்தாமே. காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. அப்புறம் அந்த ஆறே வற்றிப்போயிற்று! இதை நாம் கவனிக்கிறதில்லை. வேலை போனால், "தேவசித்தத்தை விட்டு விலகிட்டேனோ" என்று கலங்குகிறோம். "மறைவான பாவம் இருக்கும்" என்று சொல்லுகிறவர்களும் நம் நடுவிலே உண்டு. எலியா வழிதப்பவில்லையே. கீழ்ப்படிந்து போன இடத்தில்தான் தண்ணீர் நின்றது.

அடுத்த வார்த்தை வந்ததும் ஆறு வற்றின பிறகுதான். எங்கே போகச் சொன்னார்? சாறிபாத்தில் ஒரு விதவையிடம். அவள் பானையில் ஒரு பிடி மாவு. அந்த அம்மா கையை மூடியிருந்தால், எலியாவுக்கு வழிநடத்துதல் எந்த ரூபத்தில் வந்திருக்கும்?

என் வீட்டில் அரை மூட்டை ரேஷன் அரிசி இருந்தது. விடிந்ததும் அவனைத் தேடிப் போனேன். அறை பூட்டியிருந்தது. எளாவூர் செக்போஸ்ட் தாண்டியிருப்பான் என்றார்கள்.

அந்த அறையில் இப்போ வேறு பிள்ளைகள். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னே ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வருகிறேன்.