அருளும் கையெழுத்தும்

ஸ்காபறோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் ஐரிஷ் அம்மா இருக்கிறா. வீடில்லாமல் பனியில் படுத்திருப்பவரைத் தொலைக்காட்சியில் கண்டால் போதும், சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, "தெயார் பட் ஃபோர் த கிரேஸ் ஒஃப் கோட், கோ ஐ" என்பா. கடவுளின் அருள் இல்லையென்றால் அங்கே கிடப்பது நான்தான் என்று கருத்து. "அவன் செய்த வினை, அனுபவிக்கிறான்" என்று சொல்ல எழும் நாக்கை இது அடக்கிவிடும். அந்த அளவில் எனக்குப் பிடித்த பேச்சு.

ஆனால் எனக்குக் கிடைத்த அருள் பனியில் கிடப்பவனுக்கு ஏன் கிடைக்கவில்லை? கொலைக்களத்துக்குப் போகும் கைதிகளைப் பார்த்து ஜோன் பிராட்ஃபோர்ட் என்ற போதகர்தான் அம்மாவின் அந்த வசனத்தை முதலில் சொன்னதாக ஒரு கதை உண்டு. கடைசியில், 1555 இல் லண்டன் ஸ்மித்ஃபீல்டில் அவரையே உயிரோடு எரித்தார்கள்; அருள் அப்போது எங்கே போனது?

சைவ சித்தாந்தம் படித்த எங்கள் ஆட்களிடம் இதற்குப் பதில் இருக்கிறது: அருள் எல்லாருக்கும் பொது, இருவினையொப்பும் (நல்வினை, தீவினை இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் நிலை) மலபரிபாகமும் (ஆணவ மலம் பக்குவப்படுவது) வந்த உயிரில்தான் அது பதியும். சரி, அது வீடுபேற்றுக்குச் சொன்ன கணக்கு. ஈழப்போரின்போது முள்ளிவாய்க்காலில் செத்த பிள்ளையையும், இங்கே வீடு வாங்கி இருக்கிற என்னையும் அதில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வராது.

எனக்குத் தெரிந்த கணக்கு வேறு. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 இலங்கைத் தமிழரைக் கஸ் டால்டனும் மற்ற மீனவர்களும் காப்பாற்றினார்கள். கனடியப் பிரதமர் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை; தங்கி வேலை செய்ய அனுமதி கொடுத்தது. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்தார்கள். பிடித்து அடைத்தார்கள், பலரை மாதக்கணக்கில். அதே சனம், அதே உயிர்ப்பயம். இடையில் மாறியது கடவுளின் மனமா, ஒட்டாவாவின் மனமா?

ஐரிஷ் அம்மாவோடு நான் வாதாடுவதில்லை; அவ அந்த ஆளுக்காகத்தான் கலங்குகிறா. எங்கள் சிலரோடுதான் எனக்குக் கோபம். "எங்களைக் கரை சேர்த்தாய்" என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கோயில் கார் பார்க்கிலேயே இப்போது வந்து அகதிக் கோரிக்கை வைக்கிறவர்களைத் திட்டுவார்கள். அருள் என்று சொன்னவுடன் கஸ் டால்டனும் மறைந்துவிடுகிறார், அனுமதியில் விழுந்த கையெழுத்தும் மறைந்துவிடுகிறது.

அப்படித் திட்டிய ஒருவரிடம் கேட்டேன்: "அண்ணை, அப்ப ஒட்டாவா மாட்டன் எண்டிருந்தா?"

"பிள்ளையார் வேற வழி காட்டியிருப்பார்."

"சன் சீயில வந்தவைக்கு என்ன வழி காட்டினவர்?"

அவர் வாயைத் திறக்க முன் காருக்குள் இருந்த மனுசி ஹோர்ன் அடித்துவிட்டா.