இடக்கரடக்கல்: எதை அடக்குகிறோம்?

பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் என்ற சொல் நினைவிருக்கும். தகுதி வழக்கை நன்னூல் மூன்றாகப் பிரிக்கிறது: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. எடுத்துக்காட்டுகள் மனப்பாடம். 'கால் கழுவி வந்தான்' என்பது இடக்கரடக்கல். 'இறைவனடி சேர்ந்தார்' என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. இரண்டு மதிப்பெண் வாங்கியதோடு மூன்றையும் மறந்துவிட்டோம்.

மறந்திருக்கக் கூடாது. மூன்றுமே ஒன்றை வேறொரு சொல்லால் சொல்கின்றன; ஆனால் மூன்றும் வேறு வேறு ஆட்களைக் காக்கின்றன. என் பாட்டி ஒருநாளும் விளக்கை 'அணை' என்றதில்லை, 'அமர்த்து' என்பார். 'போறேன்' என்று கிளம்பினால் வாசலில் நிறுத்தி, "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்துவார். கேட்பவர் மனம் கலங்கக் கூடாதே என்ற பரிவுதான் மங்கலம். குழூஉக்குறி தன் கூட்டத்தின் செய்தியை வெளியாரிடமிருந்து காக்கிறது. இடக்கரடக்கல் அவையோர் முகம் சுளிக்காமல் காக்கிறது. சொல்லை மாற்றும்போது யாருக்காக மாற்றுகிறோம் என்ற கேள்விதான் அந்தப் பாடத்தின் உயிர்.

அந்தக் கேள்வியோடு செய்தித்தாளைத் திறந்தால், பலமுறை படித்துப் பழகிய ஒரு தலைப்பு உறுத்தத் தொடங்கும்: 'விஷவாயு தாக்கி தொழிலாளர்கள் பலி.' வாயு தாக்குகிறதாம். உயிரற்ற ஒன்றைப் பகைவனாக்கிப் பேசுகிறோம். பலி என்பது தெய்வத்துக்குப் படைப்பது. அடுத்தடுத்து இரண்டு உருவகங்கள் வந்தும், பழகிப்போனதால் இரண்டும் நம் கண்ணில் படுவதில்லை. கழிவுநீர்த் தொட்டிக்கு மேலே நின்று, 'இறங்கு' என்று சொன்னவருக்கு மட்டும் அந்த வாக்கியத்தில் இடமே இல்லை.

நடந்தது என்ன? மூடிக் கிடக்கும் தொட்டியில் கழிவு அழுகி ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடியதும் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். இறங்கியவர் சாய்கிறார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார், அவரும் சாய்கிறார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் பாதுகாப்பில்லாமல் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2014இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்தின் கண்ணில் இது குற்றம். தலைப்பில் மட்டும் விபத்து.

மலம் என்ற சொல்லை அவையில் தவிர்ப்பது நாகரிகம் என்றது இலக்கணம். அதில் தவறில்லை. நாமோ சொல்லோடு சேர்த்து, அதை அள்ளுகிற மனிதரையும், அவரை அனுப்பியவரையும் அடக்கிவிட்டோம். 'கால் கழுவி வந்தான்' என்று படித்தபோது, கழுவிய நீர் எங்கே போகிறது, அங்கே யார் நிற்கிறார் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பெயரைச் சரியாகச் சொன்னால் பார்வை மாறும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைச் சொந்தக் குடும்பமே கொன்றபோது, 'கௌரவக் கொலை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். கொன்றவர் தன் செயலுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை நாமும் வழிமொழிந்தோம். 'இதில் என்ன கௌரவம்?' என்று சிலர் விடாமல் கேட்டார்கள். இன்று 'ஆணவக் கொலை' என்கிறோம். கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனால் கொன்றவருக்கு நம் மொழி தந்துவந்த மரியாதை நின்றது.

அணியையும் வழக்கையும் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது இதற்காகவே. உருவகம் என்று வரையறை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு, செய்தியில் ஒளிந்திருக்கும் உருவகத்தையும் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அந்தத் தலைப்பைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள்: 'பாதுகாப்புக் கருவி தராமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளர்கள் இறந்தனர், இறக்கியவர் யார்?' தலைப்பு இரண்டு வரிக்கு நீளும். நீளட்டும்.