உலையும் உரையும்

சீடன்: ஐயா, முதலில் மனித மூளை பெருத்தது, பிறகு அதில் பேச்சு பிறந்தது, பேச்சால் தொழில் வளர்ந்தது என்கிறார்கள். இந்த வரிசை சரிதானா?

குரு: அந்த வரிசையை நான் ஏற்கவில்லை, தம்பி. கற்பிக்க வேண்டிய தேவைதான் பேச்சை வளர்த்தது. பேச்சும் கைத்தொழிலும் சேர்ந்து மூளையைச் செதுக்கின. மலேசியாவின் கெடா மாநிலத்தில், செமிலிங்குக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை பத்துவைப் பார். 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில் இரும்பு உலைகளும், உருக்கியபின் மிஞ்சும் கசடான கிட்டமும், துருத்திக் காற்றை உள்ளே செலுத்திய களிமண் குழாய்களும் ஏராளமாகக் கிடைத்தன. தாதுக் கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்க ஏறத்தாழ 1,200 பாகை வெப்பம் வேண்டும். எவ்வளவு கரி, எவ்வளவு காற்று, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் உலைச் சுவருக்குள் மறைந்திருக்கும். முடிந்த இரும்புக் கட்டியை எத்தனை நாள் உற்றுப் பார்த்தாலும் அதைச் செய்த வழி தெரியாது. அறிந்தவர் ஒருவர் சொல்லித் தர வேண்டும்.

சீடன்: இரும்பு நேற்று வந்த தொழில் அல்லவா? பேராக் மாநிலத்தின் லெங்கோங்கில் 1991இல் எலும்புக்கூடாகக் கண்டெடுத்த பேராக் மனிதன் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனுக்கும் நம்முடைய மூளைதானே? உலை எப்படிச் சான்றாகும்?

குரு: நல்ல தடை. உலை மூளையை மாற்றவில்லை. ஒரே மூளையுடைய இருவரில் முன்னவன் கையில் கல்லும் பின்னவன் கையில் இரும்பும் இருந்ததற்குக் காரணம், இடையில் தலைமுறைதோறும் சேர்ந்த கற்பித்தல். அதைத்தான் உலை காட்டுகிறது. மூளை உருவான காலத்தை அறியக் கல்லிடம் போக வேண்டும். சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் ஆராய்ந்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அவற்றைவிட எளிய கல்லாயுதங்களை 184 பேரைக் கொண்டு செய்வித்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. பிறர் செய்வதைப் பார்க்க மட்டும் முடிந்தவர்கள் பெரிதாகத் தேறவில்லை. கற்பித்தல், அதிலும் வாய்ச்சொல்லால் கற்பித்தல், தேர்ச்சியைத் தெளிவாக உயர்த்தியது. நல்ல ஆயுதத்தால் உணவு பெற்ற கூட்டத்தில், சொல்லைப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகும். அந்தத் திறனுக்கு ஏற்ற மூளையே சந்ததியில் நிலைத்தது என்று கொள்வதில் நியாயம் உண்டு.

சீடன்: இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் கண்டறிந்த குள்ள மனிதரின் மூளை சுமார் 400 கன சென்டிமீட்டர், நமக்கோ 1,350 அளவில். அவர்களோடும் கல்லாயுதங்கள் கிடைத்தனவே?

குரு: அளவு ஒன்றே அறிவைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. சொல் இல்லாமலும் கல்லை உடைக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் கண்டதைச் சிதையாமல் அடுத்தவர் பெற்று, அதன்மேல் தம் அறிவைச் சேர்க்கச் சொல் வேண்டும். சுங்கை பத்து உலைக்காரரின் மூளை நமக்கும் இருக்கிறது. அவர் அறிவோ நம்மிடம் இல்லை. உடைந்த குழாய்களிலிருந்து ஆய்வாளர்கள் அதை ஊகிக்க வேண்டியிருக்கிறது. மூளை பிறப்பால் வரும். அறிவு கற்பித்தால்தான் வரும். ஆகவே கற்றதைச் சொல்லித் தருவது நம் கடமை.