குழிக்குள் இறங்குவது யார்?

புதுமனை புகுந்த நண்பரொருவர், வீட்டைச் சுற்றிக் காட்ட நம்மை அழைத்துச் சென்றார். சலவைக்கல் பதித்த கூடம், தேக்கு மரக் கதவு, பித்தளைச் சங்கிலி ஊஞ்சல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை! கடைசியாகக் கார் நிறுத்தும் இடத்திற்கு வந்தோம். வழவழவென்று டைல்ஸ் பதித்த தரை. "செப்டிக் டேங்க் எங்கே?" என்று கேட்டோம். "இதன் கீழேதான், வாஸ்துக்காரர் குறித்துக் கொடுத்த மூலை" என்றார். "மூடி?" என்றோம். "மூடி எதற்கு? பெரிதாகவே கட்டிவிட்டோம். இருபது ஆண்டுக்குக் கவலையில்லை!" என்று நகைத்தார்.

எந்த மூலை என்று வாஸ்துக்காரரைக் கேட்டவர், எப்படித் திறப்பது என்று கொத்தனாரைக் கேட்கவில்லை!

நண்பர் நல்லவர். ஊரார் துன்பம் கண்டால் உருகுபவர். மலக்குழியில் இறங்கி மாண்டவர் செய்தியை நாளேட்டில் படித்துவிட்டு, "என்ன கொடுமை!" என்று அன்று காலைதான் நம்மிடம் கூறியிருந்தார். அந்தக் கொடுமைக்கான கால்கோள் விழாவைத் தம் வீட்டிலேயே நடத்தி முடித்திருக்கிறோம் என்பதை அவர் உணரவில்லை.

விந்தையாகத் தோன்றுகிறதா? தொட்டிக்குள் நடப்பதை எண்ணிப் பாருங்கள். மலத்தை மறையச் செய்யும் மாயக்கிடங்கு அன்று அது. 'செப்டிக்' என்ற சொல்லுக்கே அழுகச் செய்வது என்றுதான் பொருள். கனமானவை அடியில் சேறாகப் படிகின்றன. எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாக மிதக்கின்றன. இடைப்பட்ட நீர் வெளியேறி மண்ணில் ஊறுகிறது. காற்றில்லா இருளிலே வாழும் நுண்ணுயிர்கள் தின்று செரித்ததுபோக எஞ்சும் சேறு, ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே வருகிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை எடுத்துவிட வேண்டும் என்பது நம் நாட்டுப் பொறியியல் கையேடுகள் கூறும் முறை. அந்தக் கால அளவில் அழைத்தால், லாரி வருகிறது, குழாயை விடுகிறது, உறிஞ்சிக்கொண்டு போகிறது. எவரும் இறங்க வேண்டியதில்லை.

பதினைந்து ஆண்டு மறந்திருந்தாலோ? சேறு இறுகிவிடுகிறது. கழிப்பறைக்குள் வீசிய துணியும் நாப்கினும் குழாயை அடைக்கின்றன. நுண்ணுயிரைக் கொல்லும் பினாயிலையும் ஆசிட்டையும் குடம் குடமாக ஊற்றியிருந்தால், செரிமானமும் நின்றுபோயிருக்கும். இயந்திரம் தோற்கிறது. அப்போதுதான், மண்வெட்டியும் வாளியுமாக ஒரு மனிதன் தேவைப்படுகிறான்!

"அவனாக ஒப்புக்கொண்டுதானே வந்தான்? கேட்ட கூலியைக் கொடுத்தோமே, நம் குற்றம் என்ன?" என்று கேட்பார் உண்டு. தள்ளிவிடத்தக்க கேள்வி அன்று இது. ஆனால், ஒப்புக்கொண்டவன் எதற்கு ஒப்புக்கொண்டான்? அழுகிய முட்டைபோல் நாறும் ஹைட்ரஜன் சல்பைடு, அளவு மிகுந்ததும் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணுபவன், நஞ்சுக்குள் நிற்கிறான். மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பதும் காப்பாகாது, மீத்தேன் தீப்பற்றக்கூடியது. முதலில் இறங்கியவன் சாய்ந்ததும், தூக்கிவிட இறங்கும் தம்பியும் சாய்கிறான். ஒரே குழியில் இரண்டு மூன்று பிணங்கள் எடுக்கப்படுவது இதனால்தான். இத்தனையும் எடுத்துரைத்தோமா அவனிடம்? நமக்கே தெரியாதே! அறியாதவன் தரும் ஒப்புதலை, அறியாதவன் பெற்றுக்கொண்டு, அதற்குக் கூலி என்று பெயரும் இடுகிறோம்.

இன்னொன்றும் கேட்போம். வேலை தேடி அலைவோர் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். குழி நிரம்பியதும் நம் கால்கள் மட்டும் ஏன் குறிப்பிட்ட ஒரு தெருவை நோக்கியே நடக்கின்றன? சாதியில் நம்பிக்கை இல்லை என்று மேடையிலே முழங்குபவர்கூட, அந்த ஒரு நாள் மட்டும் வழி தவறாமல் அங்கே போய்ச் சேருகிறாரே, எப்படி?

சட்டம் வாளாவிருக்கவில்லை. தக்க பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தும் எவரையும் அது விடவில்லை. வீட்டுக்காரரும் அதற்குள் அடக்கம். முதல் குற்றத்திற்கே இரண்டாண்டுவரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் தரவேண்டும் என்று 2014-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2023-இல் அதனை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது நன்று. ஆயினும் சட்டம் வந்து சேர்வது, பெரும்பாலும், பிணத்தை வெளியே எடுத்த பிறகுதான். மூடியில்லாமல் தளம் போட்ட அன்று எந்தக் காவலரும் வரவில்லையே!

அதனால்தான், ஆளை இறக்கலாமா கூடாதா என்ற கேள்வியைக் குழி நிரம்பிய நாளில் கேட்பது காலங்கடந்த கேள்வி என்கிறோம். அதற்கான விடையை, வீடு கட்டிய நாளிலும், லாரியை அழைக்காமல் கடத்திய ஒவ்வோர் ஆண்டிலும், நாமே எழுதி வைத்துவிடுகிறோம்.

எல்லார்மீதும் இப்பழியைச் சுமத்த இயலாது. லாரி நுழையாத சந்தில், வாடகைக்குக் குடியிருப்பவர் என் செய்வார்? அங்கே பொறுப்பு, வாடகை வாங்குபவருக்கும் உள்ளாட்சிக்கும் உரியது. வசதி படைத்தவருக்கு அந்தச் சாக்கு இல்லை. லாரிக்காரரை அமர்த்தும்போதும், "எவ்வளவு?" என்பதோடு நின்றுவிடுகிறோம். உரிமம் உண்டா, என்ன நேர்ந்தாலும் ஆளை இறக்கமாட்டீரா, எடுத்ததை எங்கே கொட்டுவீர் என்று கேட்பதில்லை. பாதி விலைக்கு வருபவர், இரவோடு இரவாக ஏரிக்கரையில் திறந்துவிட்டுப் போனால், நம் வீட்டுக் கழிவு வேறொருவர் கிணற்றில் சேரும். கொண்டுபோய்ச் சேர்க்க இடம் இல்லாமலுமில்லை. மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் இருப்பதுபோன்ற சுத்திகரிப்பு நிலையங்கள் அதற்கென்றே அமைந்தவை. (ஊர்ப்பெயரின் பொருத்தத்தை என்னென்பது!)

நண்பரிடம் இவ்வளவும் பேசினோம். வாதாடினார், சினந்தார், பேச்சை மாற்றினார். பத்து நாள் கழித்துச் சென்றபோது, கார் வெளியே வெயிலில் நின்றது. டைல்ஸ் இரண்டிடத்தில் உடைக்கப்பட்டு, கொத்தனார் மூடிக்குச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். "அழகே போயிற்று" என்று அவருடைய அன்னையார் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நண்பரோ, கரிக்கட்டியால் சுவரில் எழுதிக்கொண்டிருந்தார், அடுத்து லாரியை அழைக்க வேண்டிய ஆண்டை.