காத்திருந்து பெற்ற பதவி

பல்லாண்டுகள் விண்ணப்பித்து, நேர்காணல்தோறும் ஏமாற்றமுற்று, இறுதியில் கல்லூரி ஆசிரியப் பதவி ஒன்றை எய்தியவர் உள்ளத்தில் முதலில் எழும் எண்ணம் யாது? 'இஃது எனக்கு என்றோ கிடைத்திருக்க வேண்டியது' என்பதே பெரும்பாலும். முனைவர் பட்டமும் 1989 முதல் நடைபெற்றுவரும் நெட் தேர்வில் தேர்ச்சியும் பெற்ற பின்னரும் கௌரவ விரிவுரையாளராகவே காலங்கழிக்கும் இளைஞர்கள் நம்மிடையே உளர். ஆதலின் அவ்வெண்ணத்தை நாம் இகழவில்லை. எனினும், காத்திருப்பு உரிமையாகிவிடுமா என்பது ஆராயத்தக்க வினாவே.

அறிவியலறிஞர் ஐன்ஸ்டைனின் வாழ்வை நோக்குவோம். 1900-இல் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், உதவியாளர் பணி வேண்டிப் பேராசிரியர் பலருக்கு எழுதியும் இடம் கிடைக்கவில்லை. 1901-இல் அவருடைய தந்தை, மகன் அறியாமலேயே, லைப்சிக் பேராசிரியர் ஓஸ்ட்வால்டுக்குக் கடிதம் எழுதி இறைஞ்சினார். (இத்தகைய கடிதத்தை எழுதி மறைத்த தந்தையர் நம்முள்ளும் இல்லாமலில்லை.) பயன் விளையவில்லை. மறு ஆண்டே தந்தை மறைந்தார். மகன் பேராசிரியரானதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அதே ஓஸ்ட்வால்டு 1910-ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு ஐன்ஸ்டைனைப் பரிந்துரைத்தார் என்பது வியப்புக்குரியது.

நண்பர் கிராஸ்மனுடைய தந்தையின் பரிந்துரையால் 1902-இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் வேலை கிடைத்தது. 1905-இன் புகழ்பெற்ற கட்டுரைகள் அங்கிருந்தபோது எழுதப்பட்டவையே. அதன்பின்னும் 1908-இல்தான் பெர்ன் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றும் உரிமை கிட்டியது; முதற்பருவத்தில் கேட்க வந்தோர் மூவரே. 1909-இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் ஏற்பட்டபோது, தேர்வாளருள் பலர் ஆதரித்தது பிரீட்ரிக் ஆட்லர் என்பவரை. அவரோ, ஐன்ஸ்டைன் கிடைக்கும்போது தம்மை நியமிப்பது தகாது என்று கூறி விலகிக்கொண்டார்.

தகுதி ஐன்ஸ்டைனுடையதே, ஐயமில்லை. ஆனால் பதவி, நண்பரின் தந்தை சொல்லிய ஒரு சொல்லாலும் போட்டியாளர் விட்டுக்கொடுத்த ஒரு வாய்ப்பாலும் வந்தது. முழுதும் தன் வியர்வையின் விலை என்று கருதுபவர் இவர்களை மறந்துவிடுகிறார். முழுதும் வினைப்பயன் என்பாரும் உளர். கிடைக்கவேண்டியது கிடைக்காதபோது அந்தராயம் என்று சொல்லி ஆறுதல் கொள்வது நம் வழக்கம். துயருற்றவனுக்கு அது மருந்து. தகுதியுடையானைப் புறக்கணித்த தேர்வுக்குழுவும் அச்சொல்லில் மறைந்துகொள்ள நாம் இடந்தரலாகாது.

ஆகவே புதிதாகப் பணியேற்றவரிடம் ஒன்று கேட்போம். நேர்காணல் அறையின் வெளியே தம்முடன் அமர்ந்திருந்தவர் இப்போது எங்கிருக்கிறார் என்று அவர் அறிவாரா? அவருக்கு ஒரு பரிந்துரைக் கடிதமோ, அடுத்த காலியிடம் பற்றிய செய்தியோ அனுப்புவதற்கு அதிகம் செலவாகாது. பத்தாண்டு ஏக்கத்தைச் சினமாக மாற்றி மாணவர்மீது இறக்கிவைப்போரையும் நாம் கண்டிருக்கிறோம். அம்மாணவர் செய்த பிழை யாதும் இல்லை.

ஆட்லரைப் பற்றி ஒரு செய்தி சொல்லியாக வேண்டும். 1916-இல் அவர் போரை எதிர்ப்பதாகக் கூறி ஆஸ்திரியப் பிரதமரைச் சுட்டுக் கொன்றார். அக்கொலையை நாம் எவ்வாற்றானும் ஏற்கமாட்டோம். எனினும் 1917-இல் அவர்மீது வழக்கு நடந்தபோது, அவருடைய நற்பண்புக்குச் சான்று கூற ஐன்ஸ்டைன் முன்வந்தார். சூரிச்சில் இருவர் குடும்பங்களும் ஒரே கட்டிடத்தில் குடியிருந்தவை.