தேவலை என்று யார் சொல்வது?

எங்கள் வீட்டு நாய்க்கு 14 வயதானபோது பின்னங்கால் பிடித்துக்கொண்டது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு தைலம் வாங்கித் தினமும் தேய்த்துவிட்டேன். பத்தே நாளில் குணம் தெரிந்தது.

"பாரு, நேத்திக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவலை!" என்றேன்.

என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டே, "உங்க செருப்புச் சத்தம் கேட்டா எழுந்து நிக்கும். மத்த நேரமெல்லாம் படுக்கைதான்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தைலத்தைப் பற்றிச் சொன்னால் பரவாயில்லை. என் அன்பையே குறை சொன்னதாகப் பட்டது.

இப்போது நாய்க்கும் பூனைக்கும் ஸ்டெம் செல் சிகிச்சை வந்திருக்கிறது. அந்தப் பிராணியின் கொழுப்பில் கொஞ்சம் வெட்டியெடுத்து, அதிலுள்ள செல்களைப் பிரித்து, மூட்டிலோ ரத்தத்திலோ ஊசியால் ஏற்றுகிறார்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார், பல்லைப் பிடுங்கியும் வாய்ப்புண் ஆறாத 7 பூனைகளுக்கு இதைச் செய்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றுக்குப் பூரண குணம். இரண்டுக்கு நல்ல முன்னேற்றம். இரண்டுக்கு ஒன்றுமில்லை. அந்தக் கடைசி இரண்டையும் மறைக்காமல் எழுதினார்களே, அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டாயிற்று.

புண் ஆறியதா என்று வாயைத் திறந்து பார்த்துவிடலாம். நொண்டுவது அப்படியல்ல. மூட்டுவாதம் கண்ட நாய்களுக்கு மருந்தென்ற பெயரில் வெறும் போலியைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2012-இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. நாய் காலை எவ்வளவு ஊன்றுகிறது என்பதைத் தரையில் பதித்த தட்டு அளந்தது. தட்டு காணாத முன்னேற்றத்தை நூற்றுக்கு 40 அளவில் வளர்ப்பவர்கள் கண்டார்கள். வைத்தியர்கள் கண்ணும் ஏறக்குறைய அப்படித்தான்.

மனிதன் வெறும் மாவை மருந்தென்று விழுங்கினால் அவனுக்காவது கொஞ்சம் வலி குறையும். இங்கே நிம்மதி எனக்கு, வலி நாய்க்கு. குணமாகிவிட்டது என்று நான் நம்பினால், வேறு மருந்து தேடுவதையும் நிறுத்திவிடுவேன். குழந்தைக்கும் நாம்தான் முடிவு செய்கிறோம், ஆனால் அது வளர்ந்து, "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்கும். நாய் கேட்காது. அதனால்தான் அதன் விஷயத்தில் என் கண்ணையே நான் சந்தேகிக்கக் கடமைப்பட்டவன் என்று தோன்றுகிறது.

மறுநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாக வந்தேன். தண்ணீர்ச் சட்டி நாலடி தள்ளி இருந்தது. நாய் இரண்டு தடவை எழப் பார்த்து, முடியாமல் படுத்துவிட்டது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். உடனே எழுந்து நின்று வாலை ஆட்டியது.